பள்ளி வேண்டாம் என்றது எதற்காக? வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு மூன்று பத்தாம் வகுப்புகள்

பிள்ளைக்கு ஐந்து வயதில் பள்ளி வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "பத்தாவது எப்படி எழுதுவான்?" என்று கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். உடனே எது சுலபம், எதற்கு மதிப்பு அதிகம் என்று ஊரெல்லாம் விசாரிக்கத் தொடங்குவோம். அதற்கு முன்பு, அன்றைக்குப் பள்ளி வேண்டாம் என்றதன் காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்குத்தான் ஒத்துவரும்.

பிள்ளை தன் வேகத்தில், தன் விருப்பப்படி படிக்கட்டும் என்பதுதான் காரணமா? அப்படியானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 1989இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இது. பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இப்போது இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். பாடப் பட்டியலைப் பார்த்தால் பொறாமையாகவே இருக்கிறது: ஓவியம், கர்நாடக இசை, மனையியல், உளவியல். தமிழும் உண்டு. கணக்கு கட்டாயமில்லை. காலையெல்லாம் பாட்டுச் சாதகம் செய்யும் பெண் அதையே ஒரு பாடமாக எழுதிவிடலாம். ஆனால் பொறியியல் ஆசை துளியேனும் இருந்தால் கணக்கை விட்டுவிடாதீர்கள். பிளஸ் ஒன்னில் கதவு அடைபடும். நீட் பற்றிய பயம் வேறு உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தத் தேர்வில் விதிக்கப்பட்ட தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இலேயே ரத்து செய்துவிட்டது.

இதில் எனக்கு ஒரே எரிச்சல், சுதந்திரம் வேண்டும் என்று இதில் சேர்த்துவிட்டு, பிள்ளையைக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பயிற்சி மையத்தில் உட்கார வைப்பது. விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளிக்கூடம்தானே அது!

பாடத்திட்டத்தில் குறையில்லை, கட்டணமும் பள்ளிச் சூழலும்தான் பிரச்சினை என்பவர்களுக்கு மாநில வாரியத்தின் தனித்தேர்வர் வழி, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாகத் தேர்வெழுதுவது, போதும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே தேர்வு, அதே சமச்சீர்ப் புத்தகங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்தும் எழுதியாக வேண்டும், பேரம் கிடையாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

பாடத்தில் ஆழம் போதவில்லை என்பதோ, வெளிநாட்டுப் படிப்போ காரணமாக இருந்தால் கேம்பிரிட்ஜ் நடத்தும் பத்தாம் வகுப்பு நிலைச் சர்வதேசத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. மனப்பாடத்துக்கு அங்கே அவ்வளவாக வேலையில்லை. தனித்தேர்வர்களை ஏற்கும் மையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆய்வகம் இல்லாதவர்களுக்காக அறிவியலில் செய்முறைக்கு மாற்றாக ஓர் எழுத்துத்தாள் உண்டு. அடுத்த கட்டமான, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலில் உண்மையான ஆய்வகம் வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். பரீட்சைப் பயத்தால் பள்ளியை விட்டு வந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

மூன்றில் ஒன்றைச் சொல் என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு என்.ஐ.ஓ.எஸ்.தான் என்பேன்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: திரும்பப் பள்ளி. ஏழு வயதில் எழுத்துக் கூட்டத் திணறினான் என்பதற்காக நிறுத்திய பிள்ளை இப்போது சரளமாகப் படிக்கிறான் என்றால், எழுதிவைத்த காரணமே தீர்ந்துபோயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்கே போகாத 6 முதல் 14 வயதுப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளிதான் என்றால் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.