கருப்பட்டிக் கடையில் எட்டு ஆண்டுகளாக ஓடும் என் விசைப்பலகைக் கையாளி

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு கருப்பட்டிக் கடை. பில் போடும் நிரல் இன்றும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. கருப்பட்டித் தூளும் பிசுக்கும் விசைகளுக்குள் இறங்கிவிடும். 5 என்று ஒருமுறை தட்டினால் 55 என்று விழும். புது விசைப்பலகை மாட்டினாலும் ஆறே மாதத்தில் அதே தொல்லை. ஐந்து கிலோ 55 கிலோவாகப் பில்லில் ஏறிய அன்று அண்ணாச்சி என்னை அழைத்தார். 2017இல் அசெம்பிளி மொழியில் ஒரு குறுக்கீட்டுக் கையாளி, அதாவது செயலியை இடைமறிக்கும் சைகை வந்ததும் ஓடும் சிறு நிரல், எழுதிக் கொடுத்தேன்.

விசையை அழுத்தினாலும் விட்டாலும் விசைப்பலகையின் குறுக்கீட்டுச் சைகையான ஐஆர்க்யூ 1 எழும். செயலி கைவேலையை நிறுத்திவிட்டு 9ஆம் குறுக்கீட்டின் கையாளிக்குத் தாவும். ஹெக்ஸ் (பதினாறின் அடிமான) கணக்கில், விசையின் குறியீட்டைப் படிக்கும் வாயிலான போர்ட் 60இல் 06 வந்தால் 5 அழுத்தப்பட்டது, 86 வந்தால் விடப்பட்டது. விட்ட மாத்திரத்தில் அதே விசை மறுபடி அழுத்தப்பட்டால் அது தூசியின் வேலை. அதை மட்டும் விழுங்கிவிட்டு, மற்றதை, கணினியின் அடிப்படை நிரலான பயாஸின் பழைய கையாளியிடம் ஒப்படைக்கிறேன். பலர் கையாளிக்குள்ளேயே திரையில் எழுதுவது வரை எல்லாம் செய்யப் பார்க்கிறார்கள். வேண்டாம். உள்ளே போனோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

விழுங்கிய விசைக்கு நானேதான், குறுக்கீடுகளை முறைப்படுத்தும் சில்லின் போர்ட் 20க்கு 20 அனுப்பி, வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்; சொல்லும்வரை அதே குறுக்கீட்டையும் அதற்குக் கீழ் முன்னுரிமை உள்ளவற்றையும் அந்தச் சில்லு விடாது. முதல் நாள் அதை மறந்துவிட்டேன். முதல் போலி அழுத்தத்திலேயே விசைப்பலகை செத்தது. ஆனால் திரை மூலையில் கடிகாரம் நொடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. டைமர் ஐஆர்க்யூ 0, விசைப்பலகையைவிட முன்னுரிமை உடையது, அதனால் தப்பியது. அந்தக் கடிகாரம்தான் பிழையைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சி, "தம்பி, நூறு போட்டால் பத்துதான் விழுகிறது" என்றார். இடைவெளியை பயாஸின் டைமர் துடிப்பால் அளந்திருந்தேன். ஒரு துடிப்பு சுமார் 55 மில்லிநொடி. கல்லாவில் இருக்கும் அவருடைய மருமகளுக்குச் சைபரிலிருந்து விரலை எடுத்து மறுபடி வைக்க அவ்வளவு நேரம் ஆகாது. நொடிக்குச் சுமார் 11.93 லட்சம் முறை துடிக்கும் டைமர் சில்லின் எண்ணியையும் சேர்த்துப் படித்து, வரம்பை 20 மில்லிநொடியாக்கினேன். அதன்பின் ஒரு சைபரும் தொலையவில்லை.

ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் மூன்றையும் வடிகட்டக் கூடாது. ஷிஃப்ட்டைப் பிடித்திருக்கும்போது தூசியால் ஒரு போலி விடுகை வந்து, அடுத்த அழுத்தத்தை நாம் விழுங்கினால், விரல் விசைமேல் இருக்க, பயாஸ் அது விடப்பட்டதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால் அந்த விசைகளை மட்டும் அண்ணாச்சி மாதம் ஒருமுறை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கிறார்.