ஊர் நலக் கணக்கெடுப்புக்கு கோபோ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வீடு வீடாகப் போய் சுகாதாரக் கணக்கெடுப்பவர்களுக்கு கோபோடூல்பாக்ஸ் பழக்கமான பெயர். கேள்விப் படிவம் தயாரித்து, பதில்களைச் சேகரிக்கும் மென்பொருள் இது; சுருக்கமாக கோபோ. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பிரிவில் தொடங்கியது. சிறிய கணக்கெடுப்புக்குக் காசு கேட்காது. ஆண்ட்ராய்டு போனில் கோபோகலெக்ட் செயலியைப் போட்டுக்கொண்டால் சிக்னல் இல்லாத மலைக் கிராமத்திலும் படிவம் திறக்கும். நிரப்பியது போனிலேயே இருக்கும், நெட் வந்ததும் அனுப்பலாம். ஐபோன்காரர்கள் பிரவுசரில்தான் நிரப்ப வேண்டும். அனுப்பும் முன் யாராவது பிரவுசர் தரவை அழித்துவிட்டால் அன்றைய உழைப்பு போச்சு.

இதன் பலமே கட்டுப்பாட்டு விதிகள்தான். ரத்த அழுத்தத்தில் கீழ் எண் மேல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அடுத்த கேள்விக்கே போக விடாமல் செய்யலாம். தொற்றாநோய் ஆபத்துகளைக் கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஸ்டெப்ஸ் முறைப்படி 15 நிமிடம் உட்காரவைத்து, 3 நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். சராசரியைச் செயலியே போட்டுவிடும். உண்மையாகவே காத்திருந்து அளந்தார்களா என்பதற்கு, ஒவ்வொரு கேள்வியிலும் செலவான நேரத்தைப் பதியும் தணிக்கை வசதியை முதலிலேயே இயக்கிவிடுங்கள். மூன்று அளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருந்தால் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

மனநலனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ-5 வினாக்கள் வசதியானவை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு வரும். 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் அவரிடம் மேலும் விசாரிக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: விடைகளுக்குக் கோபோ தானாக வைக்கும் குறியீடு எழுத்தில் இருக்கும், எண்ணில் அல்ல. அதை 0, 1, 2 என்று கையால் மாற்றாவிட்டால் கூட்டல் நடக்காது. கள வேலை தொடங்கிய பிறகு மாற்றினாலோ பழைய பதிவுகள் ஒரு குறியீட்டிலும் புதியவை இன்னொன்றிலும் நிற்கும்.

குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் திரும்ப வரும் கேள்விகளை எக்செல்லில் இறக்கினால் அவை தனித் தாளில் வரும். வீட்டு விவரத்தோடு அவற்றை வரிசை எண்ணை வைத்துச் சேர்க்க வேண்டும்; இது தெரியாதவர்கள் ஆள் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் குழப்பிவிடுகிறார்கள். வெறும் எழுத்து வடிவ அட்டவணையான சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியும், எக்செல் வடிவிலேயே இறக்குங்கள். ஓட்டு வீட்டுக்குள் நின்று ஜிபிஎஸ் எடுக்க முயன்றால் நேரம்தான் வீணாகும். வாசலில் எடுத்துவிட்டு உள்ளே போகலாம்.

ஒரே ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்புக்குத் தயங்காமல் எடுக்கலாம். அதே வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போவதென்றால் பழைய பதிலைப் புதிய படிவத்தோடு இணைக்க வழி உண்டு, ஆனால் அது சுற்றுவழி. முதல் சுற்றிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் மாறாத எண் கொடுத்திருந்தால்தான் ஒத்துவரும்.