புள்ளிகளைப் பார்ப்பதா, ஸ்லைடரை நகர்த்துவதா? கொரோனாவை விளக்கிய இரண்டு வழிகள்

2020 மார்ச்சில் அந்த வளைகோட்டுப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்ட உயரமாக ஒரு மேடு, தாழ்வாக ஒரு மேடு, நடுவே மருத்துவமனைகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கோடு. வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல அது போதும். ஆனால் நான் வீட்டில் இருந்தால் மேடு எப்படித் தாழும்? அதற்குப் படத்தில் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தந்தது மார்ச் 14 அன்று வாஷிங்டன் போஸ்ட் இணையதளத்தில் ஹாரி ஸ்டீவன்ஸ் வெளியிட்ட கட்டுரை. 'சிமுலைட்டிஸ்' என்று ஒரு கற்பனை நோய். 200 பேர் கொண்ட ஊர், ஆளுக்கொரு புள்ளி. நோய் வந்த புள்ளி இன்னொன்றோடு மோதினால் அதற்கும் நோய், சில நொடிகளில் குணம். எல்லாப் புள்ளிகளும் திரியும்போது வரைபடம் விறுவிறுவென்று ஏறுகிறது. எட்டில் ஒருவர் மட்டும் நடமாடினால், நோய்ப் புள்ளி அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்காமல் தனியாக நின்று குணமாகிவிடுகிறது. அந்த ஒரு புள்ளியைக் கண்ணால் தொடர்ந்தாலே விஷயம் பிடிபட்டுவிடும். இன்னொன்று, இது பதிவுசெய்த வீடியோ அல்ல. திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடுவதால் முடிவு கொஞ்சம் மாறும். நோய்ப் பரவலில் தற்செயலுக்கும் பங்கு உண்டு என்பதைத் தனியாக எழுதிப் புரியவைப்பது கஷ்டம்.

குறைகளும் உண்டு. சிமுலைட்டிஸில் யாரும் சாவதில்லை. தொற்றியவுடனே அடுத்தவருக்குப் பரப்பலாம். எல்லாவற்றையும்விட, வாசகர் கையில் எதுவும் இல்லை.

மே மாதம் தொற்றுநோயியலாளர் மார்செல் சலாத்தேயும், இயக்கிப் பார்க்கும் விளக்கங்களை உருவாக்கும் நிக்கி கேஸும் இணையத்தில் வெளியிட்ட கொரோனா விளக்கம் இதற்கு நேர் எதிர். இங்கே புள்ளிகள் ஓடுவதில்லை, நாமே இழுத்து அளவை மாற்றும் ஸ்லைடர்கள்தான். தொற்றியும் இன்னும் பரப்பாதவர்களுக்குக்கூடத் தனிக் கணக்கு. கை கழுவுதல், விலகியிருத்தல், தொடர்பைத் தேடிப் பிடித்தல் (நோயாளியோடு பழகியவர்களைக் கண்டறிவது), முகக்கவசம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். முழுதாகப் படிக்க அரை மணி நேரம் ஆகும். வரைபடம் படித்துப் பழக்கமில்லாதவர் பாதியில் விட்டுவிடுவார். உண்மையில் பெரிய தடை அதுதான்.

ஆனால் ஊரடங்கைப் பற்றிய பகுதிக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். ஊரடங்கு போட்டால் கோடு கீழே இறங்குகிறது, நமக்கும் நிம்மதி. எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருந்தால் மறுபடி ஏறுகிறது, ஏனென்றால் நோய் வராதவர்கள் இன்னும் ஏராளம். ஊரடங்கு என்பது பரிசோதனைக்கும் தொடர்பு தேடலுக்கும் ஆயத்தமாக வாங்கிய அவகாசம் என்பது அங்கேதான் உறைக்கிறது. போஸ்ட்டின் புள்ளிகள் அந்த இரண்டாம் அலைவரை போகவில்லை.

அதனால் ஐந்து நிமிடத்தில் வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டுமென்றால் போஸ்ட்டின் புள்ளிகள்தான். ப்ளஸ் டூ உயிரியல் வகுப்பு, ஊராட்சிக் கூட்டம் போல 'தளர்வு எப்போது?' என்று விவாதிக்கும் இடமென்றால் ஸ்லைடர்களைத்தான் கையில் கொடுப்பேன், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரைபடத்தைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தாலும் சரி.