நாயை எழுப்புவதா, மருந்தை ஊற்றுவதா?

"ஏங் கண்ணு, கைக்கொழந்தைக்குக் குத்தற காசநோய் ஊசியவா எனக்கு மூத்திரப்பையில ஊத்தப் போறாங்க?"

தாராபுரத்திலிருந்து கோவைக்கு வந்து சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு பெரியப்பா கேட்டது. கட்டி தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் வீரியமான ரகம். டாக்டர் இரண்டு மருந்தைச் சொல்லியிருந்தார்: பி.சி.ஜி. (பெரியப்பா கேட்ட அந்தக் காசநோய் ஊசி மருந்து), மைட்டோமைசின்.

தோட்டத்துச் சாளைக் கணக்கில்தான் அவருக்கு விளக்கினேன். புற்றணு அசலூர்த் திருடன் இல்லை, நம் வீட்டு ஆளே கெட்டுப்போனது. அதனால் காவல் நாய், அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பு, குரைப்பதில்லை. பி.சி.ஜி. என்பது மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியது. சாது என்றாலும் உயிருள்ளது, வெளியாள். பைச் சுவரில் ஒட்டி, புற்றணுவுக்குள்ளும் புகுந்துவிடும். அந்த வாசனைக்கு நாய்கள் மொத்தமும் எழுந்து வரும்போது வீட்டுத் திருடனும் சேர்ந்து மாட்டுகிறான்.

மைட்டோமைசினுக்கு நாயே வேண்டாம். அது களைக்கொல்லி மாதிரி: செல்லின் டி.என்.ஏ. இழைகளைப் பூட்டி, பெருகவிடாமல் கொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து வந்த சரக்குதான்.

இரண்டுமே டியூப் வழியாகப் பைக்குள் போகும்; ஒன்றிரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். எரிச்சல் இரண்டிலும் உண்டு. மைட்டோமைசினில் உள்ளங்கையில் தடிப்பு வரலாம். பி.சி.ஜி.யில் காய்ச்சல், உடம்புவலி. அபூர்வமாக அந்தக் கிருமியே ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் சிறுநீரில் ரத்தமோ தொற்றோ இருந்தால் அன்றைக்கு ஏற்றக்கூடாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக இது ஒத்துவராது. வீரியம் குறைந்த கட்டிக்கு மைட்டோமைசினே போதும். பெரியப்பாவுடையது மாதிரி என்றால் என் ஓட்டு பி.சி.ஜி.க்கு. ஆனால் ஒரு நிபந்தனை: வாரம் ஒன்றாக ஆறு வாரத்தோடு நிறுத்தினால் அதற்குப் பெரிய மேல்கை கிடையாது. மூன்று வருடம் விட்டுவிட்டுத் தொடர வேண்டும். முழுக் கணக்கு 27 தடவை.

அந்த ஆறு வாரம் எப்படி வந்தது தெரியுமா? கனடாவில் மொராலஸ் என்ற டாக்டர் 1976இல், பைக்குள் பி.சி.ஜி. ஏற்றிய ஒன்பது பேரின் அனுபவத்தை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பி இருந்தது, அவ்வளவுதான். உலகமே இன்றும் ஆறு என்கிறது.

சரி, உயிருள்ள கிருமிதான் பயமென்றால் அதன் துண்டை மட்டும் கொடுக்கலாமே? வெளியாளைக் கூட்டி வராமல் அவன் தோள்துண்டை நாய்க்கு மோந்துபார்க்கக் கொடுப்பது போல. நியூயார்க்கின் டாக்டர் வில்லியம் கோலி 1890களிலேயே புற்றுநோயாளிகளுக்குக் கொன்ற கிருமிகளை ஊசியாகப் போட்டார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு இல்லை. பாக்டீரியாச் செல்சுவரின் ஒரு சிறு துணுக்கைப் பார்த்துச் செய்த மிஃபாமுர்டைடு என்ற மருந்துக்கு 2009இல் ஐரோப்பாவில் எலும்புப் புற்றுக்கு, கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. சிறுநீர்ப்பையில் மட்டும் எந்தத் துணுக்கும் உயிருள்ள பி.சி.ஜி.யின் இடத்தைப் பிடிக்கவில்லை.

பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து வேறு வழி: நாயின் கயிற்றையே அவிழ்த்துவிடுவது. பி.சி.ஜி. கைவிட்ட சிலருக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். அவிழ்ந்த நாய் தைராய்டையும் குடலையும் கடிக்கலாம். விலையும் தோட்டத்தை விற்கிற விலை. முதல் கட்டத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பெரியப்பா பி.சி.ஜி.யே போட்டுக்கொள்கிறார். ஏற்றிய அன்று ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்கிற ஒவ்வொரு தடவையும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றி வைப்பது பெரியம்மா வேலை. காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால் ஊர் கிளினிக்கில் வெறும் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது, பி.சி.ஜி. ஏற்றியதைச் சொல்ல வேண்டும். அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில், பீடிக்கட்டு இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்.