திருகோணமலைக் குடாக்களில் ஒரு தனிப் படகுப் பயணம்

திருகோணமலைக்குப் போகும் புலம்பெயர் குடும்பங்களில் பெரும்பாலானவை கோணேசர் கோயிலுக்கு வீதி வழியாக ஏறி, கோட்டைக்குள் திரியும் மான்களைப் படம் எடுத்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து, நிலாவெளியில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கடலில் இறங்குபவர்களும் புறாத்தீவுக்குப் போய் வருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஊரைத் தேடி வந்த போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் அனைவரும் கடல் வழியாகவே வந்தார்கள். அவர்கள் எதற்காக அடிபட்டுக்கொண்டார்கள் என்பது கரையில் நின்று பார்ப்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. கனடாவிலிருந்து அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போன நான், இந்த முறை ஒரு படகை எங்களுக்கென்று தனியாக அமர்த்தி, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் இரு பக்கத்துக் குடாக்களையும் கொட்டியாரக் குடாவையும் ஒரு காலைப் பொழுதில் சுற்றிப் பார்த்தேன். அந்தச் சேவை எப்படி அமைந்தது, போக நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

படகு பிடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. விடுதிகள், இடைத்தரகர்கள் ஊடாக ஒழுங்கு செய்வது ஒன்று. மீனவர்களிடம் நேரே பேசுவது மற்றது. நான் முதலில் ஒரு தரகரிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். விலையை டொலரில் சொன்னார், படகு எத்தனை மணி நேரம் கடலில் நிற்கும் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை, சிறுவர்களுக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு "பிரச்சினை இல்லை, பாத்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதினார். பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோகும் தாய்க்கு அந்தப் பதில் போதாது. எனவே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மாலையில் ஒல்லாந்தர் குடாக் கரைக்கு நடந்து போய், வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். அவர்கள் கைகாட்டிய ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய ஓட்டி. இளமையில் தூண்டிலும் வலையும் தொழிலாக இருந்தவர், இப்போது கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும் பயணிகளை ஏற்றுகிறார். ஆளுக்கு இவ்வளவு என்று அவர் கணக்குப் பேசவில்லை. எரிபொருள், தன் கூலி, உதவியாளனின் கூலி எல்லாம் சேர்த்துப் படகுக்கு ஒரு தொகை சொன்னார். தரகர் கேட்டதில் பாதிக்கும் குறைவான அந்தத் தொகையில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

படகு வழக்கமான ஃபைபர் மீன்பிடிப் படகுதான். பயணிகளுக்காகக் குறுக்குப் பலகைகள் இரண்டைப் பொருத்தி, மேலே துணிக் கூரை கட்டியிருந்தார். பக்கத்தில் மாவட்டப் பதிவு இலக்கம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஏறுவதற்கு முன்னரே அங்கிகளை மணலில் பரப்பி, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தோளைப் பிடித்து மேலே இழுத்து, நழுவி வராததைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சோதனையைப் பெரிய நிறுவனங்களின் படகுகளில்கூட நான் கண்டதில்லை.

இறங்குதுறை இல்லாததால் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துதான் ஏற வேண்டும். இது வயதானவர்களுக்குப் பெரிய தடை. அம்மா கரையிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். ஓட்டி அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து வாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுப்பித்தார். "அம்மா, நீங்கள் இதில இருங்கோ, மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று சொல்லி, அவரும் உதவியாளனும் கதிரையோடு அம்மாவைத் தூக்கி, அலை இரண்டு கடந்து போகும்வரை பொறுத்து நின்று, மூன்றாவது அலைக்கு முன் படகின் ஓரத்தில் இறக்கினார்கள். அம்மாவின் சேலைக் கரைகூட நனையவில்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும், போர்க் காலத்துக் கட்டுப்பாடுகளால் பல ஆண்டுகள் அந்தக் கடலைக் கரையிலிருந்தே பார்த்தவர் அவர்.

சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் புறப்பட்டோம். வைகாசி முதல் ஆவணி வரை அந்தக் கரையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். காலையில் தண்ணீர் அசைவின்றிக் கிடக்கும், மதியத்துக்குப் பின் காற்று ஏறிவிடும். வெளிக்கிடும்போதே ஓட்டி இதைச் சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைத் தீர்மானித்துவிட்டார்.

முதலில் சுவாமிமலையின் அடிக்குப் போனோம். 300 அடிக்கும் மேல் நேர்குத்தாக எழும் அந்தப் பாறையின் உயரத்தைக் கோயில் வாசலில் நிற்கும்போது உணர முடிவதில்லை. கீழிருந்து பார்க்கையில் கோபுரம் விரல் அளவுக்குச் சுருங்கி, இராவணன் வெட்டு என்று நாங்கள் சொல்லிப் பழகிய பிளவு தலைக்குமேல் கறுத்துத் திறந்து நிற்கிறது. உள்ளே நுழையும் அலை சற்று நேரம் ஒலியில்லாமல் இருந்து, பிறகு பாறைக்குள் எங்கோ மோதி முழங்கித் திரும்புகிறது. ஓட்டி இயந்திரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஒரு சிறு பையில் கொண்டுவந்த செவ்வரத்தம் பூக்களைத் தண்ணீரில் விட்டார். எங்களுக்காகச் செய்த சடங்கு அல்ல அது. ஆட்கள் இல்லாத நாளிலும் அந்த இடத்தைக் கடக்கும்போது அப்படித்தான் செய்வதாக உதவியாளப் பையன் சொன்னான்.

1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோயிலின் பகுதிகள் கடலில் தள்ளப்பட்டன. 1956 இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறையின் அடியில் மூழ்கித் தேடி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இன்று மேலே நிற்கும் கோயில் 1963 இல் குடமுழுக்குச் செய்யப்பட்டது. இவற்றையெல்லாம் படித்திருந்தும், அந்தக் கற்கள் கிடக்கும் தண்ணீருக்கு மேலேயே படகு அசைந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்த துயரம் வேறு விதமானது. சம்பந்தர் இந்தத் தலத்தை இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவருடைய பதிகத்தில் ஒலிக்கும் கடல் முத்துகளைக் கொண்டுவந்து கொழிக்கிறது. அந்த வரிகளை அம்மா மெல்லிய குரலில் பாடினார், பிள்ளைகள் முதல் முறையாகக் குறுக்கிடாமல் கேட்டார்கள்.

மலையைச் சுற்றி வடக்கே திரும்பினால், நகரத்தின் பின்பக்கக் குடா விரிகிறது. 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் தன் படையை இறக்கியது இங்கேதான். சில நாட்களில் கோட்டைகள் விழுந்தன, செப்டம்பர் 3 அன்று ஆங்கிலக் கப்பற்படையோடு வெளிக்கடலில் போர் நடந்தது. கோட்டைப் பீரங்கிகள் எந்தக் கோணத்தைக் காத்தன, எந்தக் கரை காவலின்றிக் கிடந்தது என்பதைப் படகிலிருந்து பார்த்தால் ஒரு பார்வையில் பிடிபடுகிறது. இந்தக் குடாவில் நாங்கள் நெடுநேரம் நிற்கவில்லை.

தெற்கே வந்து ஒஸ்டன்பேர்க் முனையைக் கடந்ததும் கொட்டியாரக் குடா திறக்கிறது. வலப்பக்கம் உட்துறைமுகத்தின் வாய். கடற்படைத் தளம் இருப்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போவதில்லை என்றும், அந்தத் திசையில் கமராவைத் திருப்ப வேண்டாம் என்றும் ஓட்டி முன்கூட்டியே சொன்னார். வாயின் வெளியே நின்று பார்த்தாலே போதும்: மலைகள் மூடி மறைத்த ஆழமான நீர்ப்பரப்பு, எந்தப் பருவத்திலும் கப்பல் ஒதுங்கக்கூடிய இடம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தேடி வந்தது இதைத்தான். அன்று எரிந்த சகாயிங் என்ற கப்பலை இலங்கைக் கடற்படை 2018 இல் மிதக்க வைத்து வெளியே இழுத்தது. தன் மாமன்மார் அந்தக் கப்பலை அடையாளமாக வைத்து மீன் பிடித்த கதையை ஓட்டி அங்கே சொன்னார்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின் வந்தது. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி, இந்தக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. அதே குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நெருங்கி வருகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு ஆழம் கிடைப்பதால்தான் நீலத் திமிங்கிலங்களைத் திருகோணமலைக் கரையிலிருந்தே சில பருவங்களில் காண முடிகிறது. ஓட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் சுவாமிமலையையும் மறு கையால் தெற்கே தெரிந்த ஒரு குன்றையும் காட்டி, இரண்டும் குறிப்பிட்ட மரங்களோடு நேர்கோட்டில் வரும்வரை படகை நகர்த்தினார். "இப்ப தண்ணியைப் பாருங்கோ, தங்கச்சி" என்றார். பச்சையாக இருந்த நீர், கத்தியால் வெட்டியது போல ஒரு கோட்டில் கருநீலமாக மாறியது. ஆழம் காட்டும் கருவி எதுவும் படகில் இல்லை. அவருடைய தகப்பனார் காட்டிக் கொடுத்த அடையாளங்கள் இவை.

தொலைவில் இரு முறை வெண்மையான நீர்த்தூவல் எழுந்தது. மூன்று படகுகள் உடனே அதை நோக்கி விரைந்தன. பிள்ளைகள் நாமும் போகலாம் என்று கெஞ்சினார்கள். ஓட்டி மறுத்துவிட்டார், 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதையும், துரத்தினால் திமிங்கிலம் மூச்சை முடிக்காமலே தாழ்ந்துவிடும் என்பதையும் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தோம். எங்களுக்கு அதன் முதுகு மட்டும் சிறிது நேரம் தெரிந்தது, வால் தெரியவில்லை. அந்த மறுப்புக்காக அவரை நான் இன்னும் மதிக்கிறேன். திமிங்கிலத்தைக் காட்டியே தீருவேன் என்று உறுதி கூறும் படகை எவரும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மூதூர்க் கரையை நெருங்கியபோது அம்மா பேசத் தொடங்கினார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மூதூருக்குப் போவதென்றால் பாதைப் படகோ லாஞ்சோதான். தரைவழி என்பது துறை துறையாகக் காத்திருப்பது. லாஞ்சில் ஆடுகளும் கோழிகளும் அரிசி மூட்டைகளும் ஏறிய நாட்களை அவர் சொன்னார். இதே கரையில்தான் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலோடு ஒதுங்கிய ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679 வரை தப்ப முடியாமல் உள்நாட்டில் கிடந்தார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அம்மாவின் லாஞ்ச் கதைதான் அவர்களுக்கு அதிகம் பிடித்தது.

திரும்பும் வழியில் ஓட்டி சொன்ன நேரத்துக்கே கச்சான் எழுந்தது. சாரல் அடித்ததைத் தவிர வேறு தொல்லை இல்லை. துணிக் கூரை வெயிலை முழுதாக மறைக்காது. தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும். படகில் கழிப்பறை இல்லை என்பதையும் வயதானவர்களைக் கொண்டுபோவோர் நினைவில் வைத்திருக்க வேண்டும். புறாத்தீவையும் இதே நாளில் சேர்க்க எண்ண வேண்டாம். அது நிலாவெளிக்கு அருகில் உள்ள தேசியப் பூங்கா, அங்கு தனி நுழைவுக் கட்டணம் உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அது உள்ளூர்க் கட்டணத்தைவிட மிக அதிகம்.

பணத்தைக் கரையேறிய பிறகே ஓட்டி வாங்கினார். மேலதிகமாகக் கொடுத்ததைத் தன் சட்டைப் பையில் வைக்காமல் பையனிடம் நீட்டினார். இவர்களைப் போன்றவர்களுக்கு விளம்பரப் பலகையோ இணையப் பக்கமோ கிடையாது. மீன் படும் நாட்களில் படகு தொழிலுக்குப் போய்விடும் என்பதால், முதல் நாள் மாலை வலைகள் கரையில் கிடக்கும் நேரத்தில் நேரே போய், நேரம், பாதை, தொகை, சிறுவர் அங்கி நான்கையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் எவரும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னாலும் இறங்க வேண்டாம்.