பாட ஆரம்பித்தால் பொட்டி இருமும்: தண்டையார்பேட்டை அறையில் ரீப்பரோடு 4 வருடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது. சுவரில் பழைய மெத்தையும் ஜமுக்காளமும் அடித்து வைத்திருக்கிறோம். 4 வருடமாக அங்கேதான் ரீப்பர் மென்பொருளில் கானா பாட்டுகளைப் பதிவு செய்கிறேன். பாட வருகிறவர்கள் துறைமுகத்திலும் காசிமேட்டிலும் வேலை முடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள். முதல் இரண்டு மூன்று டேக்கிலேயே பாட்டு வந்துவிடும். அதை விட்டால் அந்த வேகம் திரும்பி வராது.

முதல் வருட மே மாதத்தில், செத்துப்போன நண்பருக்காக ஒரு அண்ணன் மரண கானா பாட வந்தார். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்து ஏறும் இடத்தில் ஹெட்போனில் ‘படபட’ என்று வெடிப்பு. பாட்டை நிறுத்திவிட்டு, “இன்னா தம்பி, பொட்டி இருமுது?” என்று கேட்டார். மறுபடி பாடினார், மறுபடி அதே இடம். மூன்றாவது முறை பாட அவருக்கு மனசு இல்லை. அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் இந்தப் பிரச்சினையின் பின்னால் உட்கார்ந்தேன்.

எல்லோரும் சொன்ன தீர்வு ஒன்றுதான்: லேப்டாப்பை மாற்று. என்னுடையது 4 கோர், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை ஏறும். ரேம் 16 ஜிபி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 35 சதவீதம்தான் காட்டும். முப்பத்தைந்தில் ஏன் இரும வேண்டும்?

லாரித் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சின்ன சொம்பில் பிடித்தால் தண்ணீர் உடனே கைக்கு வரும். ஆனால் அடுத்த சொம்பை நொடிக்கு நொடி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒருமுறை தாமதித்தாலும் தண்ணீர் கீழே போகும். பெரிய குடம் வைத்தால் மூச்சு விட நேரம் உண்டு, ஆனால் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். பஃபர் என்பது அந்தப் பாத்திரம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற கணக்கில், 128 சாம்பிள் பஃபர் என்றால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லி விநாடி. அதற்குள் எல்லா ட்ராக், எல்லா பிளக்-இன் (ஒலியை மாற்றும் குட்டி மென்பொருள்) கணக்கையும் முடித்து ஒலியைக் கொடுக்க வேண்டும். 1024 வைத்தால் 21 மில்லி விநாடி கிடைக்கும். ஒரு கெடு தவறினாலும் வெடிப்புதான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லா கோரையும் சேர்த்த சராசரி. தவறிப்போன ஒரு கெடு அதில் தெரியவே தெரியாது. ரீப்பரின் வியூ மெனுவில் இருக்கும் பெர்ஃபாமன்ஸ் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். எந்த ட்ராக் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகச் சொல்லும்.

ஆனால் என்னை உறுத்திய கேள்வி வேறு. மிக்ஸிங் (பதிவான ட்ராக்குகளைச் சேர்த்துச் சமன் செய்வது) செய்யும்போது வராத இருமல், ஆள் வந்து பாடும்போது மட்டும் ஏன் வருகிறது? மைக்கைத் திறப்பதற்கு முன் நான் கையால் செய்வதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதினேன். பஃபரை 1024-இலிருந்து 128-க்கு இறக்குகிறேன், இல்லாவிட்டால் பாடுகிறவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்கும். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்துகிறேன். சார்ஜரைப் பிடுங்குகிறேன். அது செருகியிருந்தால் எங்கள் பழைய வயரிங்கில் ‘உம்ம்’ என்று ஒரு ஹம் வரும். எழுதி முடித்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது.

சார்ஜர் விஷயத்தை முதலில் பார்த்தேன். பிடுங்கியதும் லேப்டாப் பேட்டரிக்குப் போகிறது, சக்தியை மிச்சம் பிடிக்க பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஹம்முக்குப் பயந்து நானேதான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறைக்கு ஒழுங்காக எர்த் போட்டதும் ஹம் அடங்கியது, சார்ஜர் செருகியே இருந்தது. பவர் பிளானையும் ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றினேன்.

அப்புறம் சூடு. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் டெஸ்ட் பதிவு ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது. வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியதும் வேகம் மளமளவென்று இறங்கி 1.6-க்கே வந்துவிட்டது. சில்லு தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கை அது. அந்த அண்ணன் பாடியது கத்திரி வெயில் நாள். இரண்டாவது சரணம் வருவதற்கும் சூடு உச்சிக்குப் போவதற்கும் சரியாக இருந்திருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஃபேன் இறகுகளுக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு சாம்பல் படலம். நகத்தால் சுரண்டினால் முழுசாக உரிந்து வந்தது. எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் ரோடு; ஜன்னல் கம்பியிலேயே ஒரு வாரத்தில் கறுப்பு படியும். சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் வைத்ததற்கு 600 ரூபாய் ஆனது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். டேக்குகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் ஃபேனைப் போட்டு, லேப்டாப்பை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிடுகிறேன். பாடுகிறவருக்கும் டீ குடிக்க நேரம்.

இதற்குப் பிறகும் எப்போதாவது ஒற்றை ‘டிக்’ வந்தது. எந்த டிரைவர் கம்ப்யூட்டரைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டியதில் சிவப்புக் கோடு வைஃபை டிரைவரில் நின்றது. அந்த டிரைவர் சில மில்லி விநாடிகள் பிராசசரைப் பிடித்துவைத்துக்கொண்டால், 2.7 மில்லி விநாடிக் கெடு எங்கே நிற்கும்? பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

ரீப்பருக்குள்ளே ஒரு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. பதிவுக்குத் தயாராக இல்லாத ட்ராக்குகளை அது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், அவசரமே இல்லாமல். ரெக்கார்டு பட்டன் சிவப்பாகி மானிட்டரிங்கும் (உள்ளே வரும் ஒலியை உடனே ஹெட்போனில் கேட்கும் வசதி) போட்டிருக்கும் ட்ராக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அது அந்தந்த நொடியிலேயே ஓட வேண்டும். டோலக், டேப், பாங்கோஸ் என்று முந்தின நாள் பதிவு செய்த தாள வாத்திய ட்ராக்குகளின் சிவப்பை அணைக்காமலே குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். இப்போது குரல் ட்ராக் ஒன்றுதான் சிவப்பு.

கனமான பிளக்-இன்களில் பெரும்பாலும் தப்பு நம் பக்கம்தான். ஒரே ட்ராக்கில் ஏழு எட்டு பிளக்-இன் வரிசையாகப் போட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது ஓட முடியும். மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் இதில் பங்கு எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனித்தனி ரிவர்ப் (எதிரொலி) போடுவதை விட்டேன்; ஒரே ரிவர்ப் ட்ராக், மற்ற ட்ராக்குகளின் ஒலியை அதற்கு அனுப்புவேன். கீபோர்டு ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுவேன், அதாவது பிளக்-இன்னோடு சேர்த்து ஒலியாகவே மாற்றி வைத்துவிடுவேன். எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில் லிமிட்டரும் (சத்தம் எல்லை தாண்டாமல் பிடிப்பது) லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் (கனம், கீச்சைச் சரிசெய்யும் ஒரு வகை) கடைசி மிக்ஸில் மட்டும்தான். பாடும்போது இருந்தால் அவற்றாலும் குரல் பிந்தும்.

இன்னொன்று, இது தெரியாமல் பலர் பயப்படுகிறார்கள்: பிளேபேக்கில் வரும் இருமல் ரெண்டர் செய்த (முடிந்த பாட்டாக எழுதி எடுத்த) ஃபைலில் வராது. பதிவின்போது கெடு தவறினால்தான் குரலின் துண்டு நிஜமாகவே தொலைகிறது. அதனால் மிக்ஸில் வெடிப்பு கேட்டால் பதறாமல் பஃபரை ஏற்றுங்கள். பதிவில் கேட்டால் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

அதே லேப்டாப்தான் இன்னும் ஓடுகிறது. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்த்துவிட்டு 60 டாலர் லைசென்ஸ் வாங்கினேன். நான் இசைக்காகச் செலவழித்ததில் இதைப் போல உழைத்தது எதுவும் இல்லை. 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ய இந்தப் பொட்டியால் முடியாது, வேலை இரட்டிப்பாகும். 48 எனக்குப் போதும்.

அந்த அண்ணன் போன மாசி மாதம் திரும்ப வந்தார். அதே பாட்டு. இரண்டாவது சரணத்தில் நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கண்ணை மூடியிருந்தார். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம், “போட்டு காட்டு தம்பி” என்றார்.