ஸ்பிட்ஃபயரா, ஹரிகேனா, மஸ்டாங்கா? வயிற்றைப் பாருங்கள்

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், மஸ்டாங் மூன்றும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்கள். இங்கிலாந்தில் நடக்கும் கோடைகால விமானக் காட்சிகளில் மெர்லின் எஞ்சினின் உறுமல் கேட்ட மாத்திரத்தில் யாராவது ஒருவர் "அதோ ஸ்பிட்ஃபயர்!" என்று கைகாட்டிவிடுவார். வருவது பல சமயம் ஹரிகேன், சில சமயம் மஸ்டாங். ஹரிகேனுக்கு இது 1940-லிருந்து நடக்கும் அநியாயம். அந்த ஆண்டு ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில், பிரிட்டன் தரப்பில் அதிக எண்ணிக்கையில் பறந்ததும், அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதும் அதுதான். பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஸ்பிட்ஃபயர்.

சத்தத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். மூன்றுக்கும் பெரும்பாலும் 27 லிட்டர், 12 சிலிண்டர் மெர்லின்தான். மஸ்டாங்கில் இருப்பது அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் தயாரித்தது. போதாக்குறைக்கு, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ ஸ்பெயின்காரர்கள் தங்கள் நாட்டில் கட்டியபோது, கடைசி வகையான புச்சோனில் வைத்ததும் மெர்லினையே. காதுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல துப்பு மஸ்டாங்கிடம் உண்டு: தாழ்வாக, முழு வேகத்தில் கடக்கும்போது உறுமலோடு ஒரு விசிலும் சேர்ந்து வரும்.

சரி, இறக்கை? எல்லோரும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஸ்பிட்ஃபயருக்கு நீள்வட்ட இறக்கை, நுனி கூராக முடியும். ஹரிகேனின் இறக்கை தடிமனானது, நுனி மட்டும் வளைந்திருக்கும். மஸ்டாங்குடையது நேர்க்கோடுகளாலானது, நுனி வெட்டிவிட்டதுபோல் சதுரமாக முடியும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் விமானம் தலைக்கு மேல் போகும்போதோ நம் பக்கம் சாய்ந்து திரும்பும்போதோதான் இந்த வடிவம் முழுதாகத் தெரியும். நேராக நம்மை நோக்கி வந்தால் மூன்றுமே ஒரு கோடும் நடுவில் ஒரு புள்ளியும்தான். தாழ்வான உயரத்தில் சண்டையிட நுனி வெட்டப்பட்ட ஸ்பிட்ஃபயர்களும் உண்டு. நீள்வட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அங்கே தடுமாறுவார்கள்.

நான் நம்புவது வயிற்றை. எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டரை மூன்று வடிவமைப்பாளர்களும் மூன்று இடங்களில் வைத்தார்கள். ஹரிகேனில் அது உடம்பின் நடுக்கோட்டில், காக்பிட்டுக்கு நேர் கீழே தொங்கும் ஒற்றைப் பெட்டி. மஸ்டாங்கிலும் நடுக்கோட்டில் ஒன்றுதான், ஆனால் இன்னும் பின்னால் தள்ளி, நீண்டு சரிந்து வால் பக்கம் போகும். பக்கவாட்டில் பார்க்கும்போதுகூடத் தொப்பை தெரியும். ஸ்பிட்ஃபயருக்கு நடுவில் எதுவும் கிடையாது, எல்லாம் இறக்கைகளுக்கு அடியில்.

இந்த ஸ்பிட்ஃபயர் வயிறு இன்னொரு ரகசியமும் சொல்லும். ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு மாற்று வடிவத்துக்கும் ஒரு 'மார்க்' எண் உண்டு. முதலாம், இரண்டாம், ஐந்தாம் மார்க்குகளில் வலது இறக்கையடியில் பெரிய பெட்டி, இடது பக்கம் எண்ணெயைக் குளிர்விக்கும் சின்னக் குழாய் மட்டும். 1942-ல் வந்த ஒன்பதாம் மார்க்கில் இரண்டு பக்கமும் சமமான பெட்டிகள், புரொப்பல்லரில் மூன்றுக்குப் பதில் நான்கு தகடுகள். பெயர்ப் பலகையைப் படிக்காமல், பறக்கும்போதே எந்த மார்க் என்று சொல்லிவிடும் அந்தத் தருணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

புறப்படும்போதும் இறங்கும்போதும் சக்கரத்தைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் கால்கள் நெருக்கமாக நின்று வெளிப்பக்கம் மடங்கும். மற்ற இரண்டுக்கும் அகலமான கால்கள், உள்பக்கம் மடங்கும். இதைவிட எளிய அடையாளம் இல்லை. சில நொடிகளே கிடைக்கும் என்பதுதான் குறை.

அழகுப் போட்டியில் ஸ்பிட்ஃபயர் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நின்று நிதானமாகப் பார்க்க ஹரிகேனே எனக்கு முதலிடம். காக்பிட்டுக்குப் பின்னால் முதுகு கூனிட்டு இறங்கும். அந்தப் பின்பாதி உலோகத் தகடு அல்ல, சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி; மாலை வெயில் சாய்வாக விழும்போது உள்ளே ஓடும் கம்புகள் வரிவரியாகத் தெரியும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவையும் ஹரிகேன்களே. அப்புறம், நம் ஊர்ப் பெயரும் இந்தக் கதையில் இருக்கிறது. பிரிட்டன் வான்போரில் ஹரிகேன் ஓட்டிய 79-ஆவது படைப்பிரிவும், ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆவது படைப்பிரிவும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியவை.

எங்கே போய்ப் பார்ப்பது? கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள டக்ஸ்ஃபோர்டு பெரிய விமானத்தளம். 1938-ல் முதல் ஸ்பிட்ஃபயர்கள் படையில் சேர்ந்த தளமே அதுதான். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் மஸ்டாங் ஓட்டியதும் அங்கிருந்தே. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். ஒரே குறை, கூட்டம் தெற்கு நோக்கி நிற்க வேண்டியிருப்பதால் வெயில் கண்ணில் அடிக்கும். வண்ணமும் எழுத்தும் கரைந்துபோய் நிழலுருவம் மட்டும் மிஞ்சும். வயிற்றைப் பார்க்கப் பழகியவருக்கு அது பிரச்சினையே இல்லை; படம் எடுப்பவருக்குத் தலைவலி.

பெட்ஃபர்டுஷயரின் ஓல்டு வார்டன் சின்னப் புல்தரை விமானத்தளம். ஷட்டில்வொர்த் என்ற பழைய விமானச் சேகரிப்பின் ஐந்தாம் மார்க் ஸ்பிட்ஃபயரும், கடற்படைக்கான சீ ஹரிகேனும் அங்கேதான் இருக்கின்றன. பறக்கும் பாதை வளைவாக இருப்பதால் விமானங்கள் நம்மைச் சுற்றிச் சாய்ந்து திரும்பும், இறக்கையின் மேல்புறம் முழுதாகத் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து வித்தியாசம் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. மஸ்டாங்கை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

முதல்முறை போகிறவருக்கு நான் ஓல்டு வார்டனைத்தான் சொல்வேன், டக்ஸ்ஃபோர்டு அதற்கடுத்து. போகும் நாளில் காற்று பலமாக இருந்தால் பழைய விமானங்களை எடுக்கமாட்டார்கள், அதனால் டிக்கெட் வாங்கும் முன் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால், சுழன்று திரும்பும் விமானத்தைக் கண்ணாடிக்குள் பிடித்து வைப்பதற்குள் அது வயிற்றைக் காட்டிவிட்டுப் போய்விடும்.